ஆத்தும மன்றம்

ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு, வீட்டுக்கு வந்து சோறு தின்று, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பிய பிறகு கனடாவின் ஸ்காபரோவில் மனிதர் என்னதான் செய்வது? பிளாசாவுக்குப் போய் மீன் வாங்கலாம். ஒரு மச்சாள் வீட்டுக்குப் போய் மற்ற மச்சாளைப் பற்றிக் கதைக்கலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு என்றால் மட்டும் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. மீன்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒடுங்கிய படியால் மேலே ஏறினால் அங்கே ஒரு மண்டபம், ஹோல் என்பார்கள். பின்னேரம் தொடங்கி இருட்டும்வரை அங்கே சோல் பாட்டுப் போகும்.

சோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கறுப்பு மக்கள் கோயிலில் ஆண்டவரைக் கூப்பிட்ட அதே தொண்டையால் காதலரைக் கூப்பிடத் தொடங்கியபோது பிறந்த பாட்டு அது. பழையவை எல்லாம் சின்ன றெக்கோட் தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஹோலின் பலகைத் தரையில் கால் வழுக்கி ஆடுவதற்காக முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி விடுவார்கள். கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய உருண்டை ஒன்று கூரையில் சுற்றும். அதன் வெளிச்சப் பொட்டுகள் சுவரிலும் சட்டையிலும் வழுக்கைத் தலையிலும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். வெளியே காது விறைக்கிற குளிர் என்றாலும் உள்ளே நிற்பவர்களுக்கு என்றோ ஒருநாள் பட்ட வெயில் திரும்பவும் முதுகில் பட்டதுபோல இருக்கும்.

இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்கள் அன்ட்ரூவும் அவனுடைய தங்கச்சி ஜெனாட்டும். சின்ன வயதில் மன்னாரிலிருந்து வந்த பிள்ளைகள். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அன்ட்ரூவுக்குப் பக்கத்து மெஷினில் நின்ற டெல்றோய் என்ற ஜமேக்காக்காரர்தான் அவனுக்கு இந்தப் பைத்தியத்தை ஒட்டிவிட்டவர். அண்ணனிடமிருந்து அது தங்கச்சிக்குத் தொற்றியது. தொற்றும்போது நோய் கொஞ்சம் மாறிவிட்டது. அண்ணனுக்கு எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகள் வேண்டும். தங்கச்சிக்கோ ஒருவரும் கேட்டிராத பாட்டுத்தான் வேண்டும். போன வருடம் பதிந்ததாக இருந்தாலும் சரி, யாருடைய வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்றிலோ ஐம்பது வருடம் தூசி தின்றுவிட்டு வந்ததாக இருந்தாலும் சரி.

“தெரிஞ்ச பாட்டு வந்தால்தானடி சனம் எழும்பி ஆடும்,” என்பான் அன்ட்ரூ.

“தெரிஞ்ச பாட்டெல்லாம் ஒருநாள் தெரியாத பாட்டாத்தானே இருந்தது?” என்பாள் ஜெனாட்.

சண்டை பிடித்துப் பிடித்துக் கடைசியில் அவன் ஒரு சட்டம் போட்டான். மூன்று பழசு, பிறகு ஒரு புதுசு. “சோறு, பருப்பு, பொரியல் எண்டு வைச்சுக்கொண்டு வந்து பேந்து ஒரு கரண்டி பாவக்காய் வை. முதலே பாவக்காயை வைச்சால் பந்தியிலை ஆர் இருப்பான்?” என்றான். அவளுடைய புதுப்பாட்டுகளை அவன் ஒருநாளும் வாய் திறந்து நல்லது என்று சொன்னவனல்ல, அவ்வளவு பிடிவாதம். பிடிக்காவிட்டால் மூக்கைச் சொறிவான். பிடித்துவிட்டால், “திருப்பிப் போடு,” என்பான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் மாதக்கணக்கில் பழைய பெட்டிகளைக் கிளறிக்கொண்டு திரிவாள்.

போன மாசியில் அன்ட்ரூ செத்துப்போனான். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், இரண்டு கிழமை கிடந்தான், அவ்வளவுதான்.

அவன் அங்கே கிடந்த நாட்களில்தான் ஜெனாட்டின் கையில் அந்த வெள்ளை லேபல் றெக்கோட் அகப்பட்டது. ஸ்ரௌவ்வில் என்கிற ஊர்ப் பக்கம் வீடு மாறிப் போகிற யாரோ பேஸ்மென்றில் பரப்பி விற்ற சாமான்களுக்குள் கிடந்தது. பாட்டின் பெயரும் இல்லை, பாடியவளின் பெயரும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஊசியை வைத்தவள் குசினிக் கதவில் சாய்ந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அன்று பின்னேரமே போனில் பதிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

“போனிலை போட்டுக் காட்டாதை,” என்றான் அன்ட்ரூ. ஒக்சிஜன் குழாய் மாட்டியும் திமிர் போகவில்லை. “தகரத்திலை குண்டூசி விழுந்த மாதிரிக் கேக்கும். வீட்டை வந்து ஒழுங்காக் கேக்கிறன்.”

அவன் வீட்டுக்கு வரவில்லை. ஜெனாட் அந்த றெக்கோட்டைப் பிறகு ஒருவருக்கும் போட்டுக் காட்டவுமில்லை, தானும் கேட்கவில்லை. கிளப்பில் சனம் ஆடிக்கொண்டு நிற்கும்போது, ஒழுங்கான ஸ்பீக்கரில், ஒருநாள் அண்ணனுக்காக அதைப் போடவேண்டும். அந்த ஒரு ஆசையை வைத்துக்கொண்டுதான் அவள் மாதா மாதம் அந்தப் படியில் ஏறினாள். ஒவ்வொரு முறையும் றெக்கோட் கைப்பையோடு போய்க் கைப்பையோடு திரும்பி வந்தது.

ஏனென்றால் சனம் விடவில்லை. அன்ட்ரூ போன பிறகு அவனுடைய பாட்டுகளைத் தவிர வேறொன்றும் அவர்களுக்கு வேண்டாமாம். தெரியாத பாட்டு ஒன்று தொடங்கினால் போதும், ஹோல் அப்படியே வடிந்து தேத்தண்ணி மேசைக்குப் போய்விடும். முன்னுக்குப் போகிறவர் பஸ்ரியன் அண்ணை. ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவர், அன்ட்ரூவின் உயிர் நண்பர், அந்தத் தரையில் அவரை மிஞ்சிய ஆட்டக்காரர் கிடையாது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கையை உயர்த்தவேண்டும், எங்கே சுழலவேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அவருக்கு அது அன்ட்ரூவோடு இருக்கிற மாதிரி. ஜெனாட்டுக்கோ மாதா மாதம் நினைவுப் பூசை வைக்கிற மாதிரி.

ஒக்ரோபர் ஞாயிறு முடிந்து வயர் சுற்றும்போது பஸ்ரியன் பக்கத்தில் வந்து நின்றார்.

“பிள்ளை, கோவிக்கக் கூடாது. தையிலை இருந்து அன்ட்ரூவின்ரை பாட்டுகளைப் போனிலை அடுக்கி வைச்சு விடுவமே? உனக்கும் கரைச்சல் இல்லை. நீயும் வந்து ஆறுதலா இருந்து பார்க்கலாம்.”

“எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டியளோ அண்ணை?”

“ஓம்,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெனாட் வீட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய ஆட்களுக்குத்தானே பழைய பாட்டு வேண்டும்? நாலு புது முகங்களைக் கொண்டுவந்தால் புதுப்பாட்டுக்கும் தரையில் ஆள் நிற்கும். உடனே தங்கள் கோயிலின் ஞாயிறு நோட்டீஸ் தயாரிக்கும் றிச்சர்ட் அங்கிளுக்குப் போன் அடித்தாள். “அங்கிள், எங்கடை சோல் கிளப் வாற மாதக் கடைசி ஞாயிறு கூடுது. ஒரு சின்ன அறிவித்தல் போடுவியளே?” என்று இடத்தையும் நேரத்தையும் சொன்னாள்.

றிச்சர்ட் அங்கிள் நல்ல மனிதர். ஆனால் அவருடைய பேனையால் ஓர் ஆங்கிலச் சொல் உயிரோடு தப்பியது கிடையாது. ஐஸ்கிறீமைக் குளிர்களி என்றுதான் சொல்வார், பேரப்பிள்ளைகள் சிரித்தாலும் விடமாட்டார். சோல் என்றால் ஆத்துமா, கிளப் என்றால் மன்றம். ‘ஆத்தும மன்றத்தின் மாதாந்த ஒன்றுகூடல், அனைவரும் வருக’ என்று பெட்டி கட்டிப் போட்டுவிட்டார். நவம்பரோ மரித்த ஆத்துமாக்களின் மாதம். கத்தோலிக்கச் சனம் செத்தவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்தி மன்றாடித் திரிகிற மாதம். ஜெனாட் அந்த நோட்டீஸை எடுத்தும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் வானம் கீழே இறங்கிச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஜெனாட் றெக்கோட் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தபோது படியில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர், பனிச் சப்பாத்துக்கு மேலே சேலையும் சேலைக்கு மேலே தடித்த கோட்டுமாக, வரிசையாக ஏறி வந்தார்கள். முன்னுக்கு அருள்நாயகி அன்ரி. அவருடைய கையில் ஒரு பை.

ஜெனாட்டுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அட, இவ்வளவு புது முகங்களா!

“பிள்ளை, மெழுகுதிரி எங்கை கொளுத்திறது?” என்று அன்ரி கேட்டார்.

யாருக்கோ பிறந்தநாள் போல என்று நினைத்த ஜெனாட், “தேத்தண்ணி மேசையிலை வையுங்கோ அன்ரி,” என்றாள்.

அன்ரி தரையைக் குனிந்து பார்த்தார். “இதென்ன, சாம்பல் தூவிக் கிடக்கு? சாம்பல் புதன் மாசியிலையெல்லே வாறது?”

“இப்ப எல்லாத்தையும் முன்னுக்கே செய்யினம்,” என்றார் பின்னால் வந்தவர்.

வாசலில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது, பக்கத்தில் துண்டுக் கடதாசியும் பென்சிலும். அது கிளப்பின் வழக்கம். பிடித்த பாடகரின் பெயரை மட்டும் எழுதிப் போடவேண்டும், ஜெனாட் அந்தப் பெயரை மைக்கில் வாசித்துவிட்டு அவருடைய பாட்டு ஒன்றைத் தன் விருப்பப்படி எடுத்துப் போடுவாள். கோயில் வாசலிலும் நவம்பர் முழுக்க இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கும். மரித்தவர்களின் பெயரை எழுதிப் போட்டால் பூசையில் வாசிப்பார்கள். வந்தவர்கள் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு துண்டு எடுத்து, நிதானமாக எழுதி ரின்னுக்குள் போட்டுவிட்டு, செபமாலையும் கையுமாகச் சுவரோரக் கதிரைகளில் இருந்தார்கள்.

ஜெனாட் வழக்கம்போல மூன்று பழைய பாட்டுகளைப் போட்டாள். பஸ்ரியன் வழுக்கினார், சுழன்றார், கையை உயர்த்தினார். டெல்றோய் தொப்பியோடு கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். வெளிச்சப் பொட்டுகள் செபமாலை மணிகளின் மேல் ஏறி இறங்கின. “கோயில் கொயர் நல்லாப் பாடுது,” என்று ஓர் அன்ரி மற்றவருக்குச் சொன்னார். “ஆனால் உவையள் ஏன் எழும்பி ஆடினம்?”

பிறகு ஜெனாட் ரின்னைத் திறந்தாள். முதல் துண்டில் சூசைப்பிள்ளை இம்மானுவேல் என்று இருந்தது. அவள் நெற்றியைச் சுருக்கினாள். அடுத்தது மடுத்தீன் திரேசம்மா. அதற்கடுத்தது சந்தியாப்பிள்ளை. இந்த நகரத்தில் ஒருவருக்கும் தெரியாத பாடகர்களெல்லாம் தனக்குத் தெரியும் என்று இருந்தவளுக்கு இது பெரிய அடியாகப் போய்விட்டது. தமிழ்ப் பேரில் சோல் பாடியவர்களா? எந்தக் காலத்தில்? வெட்கத்தை விட்டு மைக்கை எடுத்தாள்.

“சூசைப்பிள்ளை இம்மானுவேல். இவர் ஆர்? மன்னிக்கவேணும், என்னட்டை இவற்றை றெக்கோட் ஒண்டும் இல்லை.”

சுவரோரம் முழுவதும் எழுந்து நின்றது. எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

“என்ரை மனிசன், பிள்ளை,” என்றார் அருள்நாயகி அன்ரி. “போன பங்குனியிலை போனவர்.” சொல்லிவிட்டு நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆடிக்கொண்டு நின்றவர்கள் பவுடர் பட்ட சப்பாத்துகளோடு அப்படியே நின்றார்கள். என்ன நடக்கிறது என்று விளங்காவிட்டாலும் டெல்றோய் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார்.

செபம் முடிந்ததும் பஸ்ரியன்தான் ஓடிப்போனார். “அன்ரி, இது டான்ஸ் கிளப் எல்லோ! ஆர் உங்களை இஞ்சை அனுப்பினது?”

“கோயில் நோட்டீசிலை ஆத்தும மன்றம் எண்டு கிடந்ததே.”

“ஐயோ, றிச்சர்ட் அங்கிள்!” என்று ஜெனாட் தலையில் கைவைத்தாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஹோல் முழுக்கப் பரவியது, சுவரோரம் மட்டும் பரவவில்லை. அருள்நாயகி அன்ரியின் முகம் சுண்டிப்போய்விட்டது. கோட்டின் பொத்தான்களைப் பூட்டியபடி அவர் ஜெனாட்டின் மேசைக்கு வந்து கையை நீட்டினார்.

“அந்தத் துண்டைத் தா மோனை. மனிசன்ரை பேரைக் கொண்டுவந்து ஆட்டக்காரரிட்டைக் குடுத்துப்போட்டனே, மாதாவே.”

அவருடைய கீழுதடு நடுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனின் உடுப்புப் பையை வாங்கிக்கொண்டு வந்த அன்று ஜெனாட்டின் உதடும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். அவள் துண்டைக் கொடுக்கவில்லை.

“இருங்கோ அன்ரி. ரின்னுக்குள்ளை ஒரு பேர் விழுந்தால் அதுக்குப் பாட்டுப் போட்டே ஆகவேணும். அது எங்கடை அண்ணா வைச்ச சட்டம்.”

“அந்தாள் இங்கிலீசுப் பாட்டுக் கேக்கிறேல்லைப் பிள்ளை.”

“எப்பிடிப்பட்ட ஆள் அவர்?”

அன்ரி யோசித்தார். “கோவக்காரன். ஆனால் பஸ்ஸிலை எனக்கு எப்பவும் ஜன்னல் சீற் விடுவார்.”

“அன்ட்ரூவின்ரை பெட்டியிலை நல்ல பாட்டா ஒண்டு எடு,” என்றார் பஸ்ரியன் மெதுவாக. ஜெனாட் அந்தப் பெட்டிக்குள் விரலை ஓடவிட்டாள். இது டெல்றோய் கல்யாணத்தில் போட்டது. இது பஸ்ரியன் முதன்முதல் சுழன்று விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது. இதைப் போட்டால் மூன்றாவது வரியில் எல்லோரும் அன்ட்ரூவைத்தான் நினைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே யாரோ குடியிருந்தார்கள், சூசைப்பிள்ளைக்கு அதற்குள் இடம் கிடையாது. அவள் தன்னுடைய புதுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சிக்காகோவில் யாரோ ஓர் இளம்பெண் போன வருடம் பாடியது, கிளப்பில் இதுவரை ஊசி படாதது.

“சூசைப்பிள்ளை இம்மானுவேலுக்கு,” என்று மைக்கில் சொல்லிவிட்டு ஊசியை வைத்தாள்.

கனத்த மனிதர் ஒருவர் வீட்டுக்குள் நடப்பதுபோல பாட்டு மெதுவாகத் தொடங்கியது. ஒருவரும் தேத்தண்ணி மேசைக்குப் போகவில்லை. செத்த மனிதரின் பெயரைச் சொன்ன பிறகு, பெண்சாதி முன்னால் நிற்கும்போது, யாருக்குத்தான் தேத்தண்ணி குடிக்க மனம் வரும்? டெல்றோய் முதலில் அசைந்தார், பிறகு இன்னும் இரண்டு பேர். பஸ்ரியன் ஆடவில்லை. அவர் போய் அருள்நாயகி அன்ரியின் கதிரையைத் தூக்கி ஜன்னலருகே வைத்தார்.

“வாங்கோ அன்ரி. ஜன்னல் சீற்,” என்றார்.

அன்ரி இருந்தார். வெளியே அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. பிளாசாவின் கார்களும் மீன்கடைப் பலகையும் மெல்ல மெல்ல வெள்ளையாகி மறைந்தன. பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல அவர் கொஞ்சம் ஒதுங்கி இருந்துகொண்டு, கோட்டின் மேல் விரலால் தாளம் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெனாட் பிறகெல்லாம் ஒரு கனவு போலத்தான் நினைத்துக்கொள்வாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மடுத்தீன் திரேசம்மா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்குமாம், அவருக்குக் குதித்துக் குதித்துப் போகிற பாட்டு ஒன்று. சந்தியாப்பிள்ளை பேசாத மனிதராம், அவருக்குக் குரலே இல்லாமல் வாத்தியம் மட்டும். புதுப்பெட்டியில் இவ்வளவு காலமும் தீண்டுவாரற்றுக் கிடந்த பாட்டுகள் ஒவ்வொன்றும் ஒருவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஹோலுக்குள் வந்தன. ஆடுகிறவர்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெற்றிடங்கள் இருந்தன, அவற்றில் ஒருவரும் மோதவில்லை. டெல்றோய் மெல்ல வந்து தன் தாயின் பெயரை எழுதி ரின்னுக்குள் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். அருள்நாயகி அன்ரி கொண்டுவந்த மெழுகுதிரிகள் தேத்தண்ணி மேசையில் எரிந்தன.

ரின்னில் கடைசியாக ஒரு துண்டு கிடந்தது. ஓடுகிற பஸ்ஸில் வைத்து எழுதியதுபோலக் கோணலாக எழுதியிருந்தது. அன்ட்ரூ.

ஜெனாட் நிமிர்ந்தாள். பஸ்ரியன் தரையின் நடுவில் தனியாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல் முழுவதும் பார்த்தது. அவனுக்கு எந்தப் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். கிளப்பின் முதல்நாள் முதலாவதாகப் போட்ட பாட்டு, சவச்சாலையில்கூடப் போட்ட பாட்டு. அவளுடைய கை தானாகவே அதை எடுத்துவிட்டது. அதைப் போட்டால் எல்லோரும் அழுவார்கள், ஆடுவார்கள், நல்லபடியாக முடியும். வேறொன்றைப் போட்டு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அந்த வெள்ளை லேபலை இனி எங்கேயும் அவளால் போடமுடியாது, தையோடு அவளுக்குக் கிளப்பும் இல்லை.

அவள் எடுத்ததைத் திரும்ப வைத்தாள். கைப்பையைத் திறந்தாள்.

“இது அண்ணா கேக்காத பாட்டு,” என்றாள் மைக்கில். “வீட்டை வந்து கேக்கிறன் எண்டவர்.”

ஊசி இறங்கியது. முதலில் வெறும் இரைச்சல், சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல. பிறகு அந்தப் பெண்ணின் குரல், யாரையும் அவசரப்படுத்தாமல், அவர்கள் வரும்வரை காத்திருந்த குரல். பஸ்ரியனின் கைகள் பழக்கத்தில் உயரப் பார்த்தன, இடம் தெரியாமல் பாதியில் நின்றன. அவருடைய கால்களுக்கு இந்தப் பாட்டில் ஒரு வழியும் தெரியாது. அவர் அப்படியே நின்றார். ஜெனாட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போகப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

அவர் போகவில்லை. முதன்முதல் ஆடிப்பார்க்கிற ஆள்போல, வலது காலைப் பவுடரில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு இடது காலை. தாளம் தப்பியது. திரும்பவும் இழுத்தார். இரண்டாவது தரம் அந்தக் குரல் மேலே ஏறியபோது அவருடைய கைகளும் ஏறின. அவருக்குப் பின்னால் எல்லோரும் அசைந்தார்கள். ஜெனாட் தேம்பித் தேம்பி அழுதாள், ஒளிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஊசி வெறும் வளையத்தில் டிக், டிக் என்று அடித்தது. பஸ்ரியன் மூச்சு வாங்கியபடி மேசையடிக்கு வந்தார். முகமெல்லாம் ஈரம். அவர் அந்த றெக்கோட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“திருப்பிப் போடு, பிள்ளை,” என்றார்.

ஜெனாட் ஊசியைத் தூக்கி, திரும்பவும் தொடக்கத்தில் வைத்தாள்.